ரேடியோவுக்கு ஏழு நிமிடம்

"என் பொண்ணு பேரை அந்தப் பட்டியல்லேருந்து அடிச்சிடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி அடிங்க!"

நூலகத்தின் மாடி அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் பஸ் கண்டக்டர் சீருடையில் ஓர் அம்மா. டூட்டி முடிந்த கையோடு தோள்பையைக்கூட இறக்காமல் நேரே வந்திருந்தாள். ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும் குரல்.

"நீங்க யாரோட அம்மா?"

"ரேடியோன்னு கூப்பிடறீங்களாமே, அவளைப் பெத்தவதான்."

பயிற்சியாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வாய் ஓயாத அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேர் மூன்று மாதமாக இந்த அறையில் கூடிக் கதை சொல்லப் பழகியிருந்தார்கள். தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தாளைப் பார்க்காமல் ஏழு நிமிடத்தில் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறார்கள்.

போன வருடமும் இப்படித்தான் இரண்டு அப்பாக்கள் வந்து சத்தம் போட்டார்கள். பயந்துபோய்ப் பெயரை எடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இனி யார் வந்து குதித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள்.

"அவளே வந்து வேண்டாம்னு சொன்னா அடிக்கறேன். நீங்க சொல்லி அடிக்க மாட்டேம்மா."

"அவ என்ன கதை சொல்லப் போறான்னு தெரியுமா? நேத்து குளிச்சுக்கிட்டே சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தா. கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். பாதிக்கு மேல கேக்க முடியாம நகர்ந்துட்டேன். வீட்டு விஷயத்தை ஊரைக் கூட்டி டமாரம் அடிக்கணுமா?"

"அது அவளுக்கு நடந்தது. சொல்ல அவளுக்கு உரிமை இருக்கு. அவங்க அப்பா விட்டுட்டுப் போனதுக்கு நீங்க ஏன் தலைகுனியணும்?"

கண்டக்டர் அம்மா தோள்பையை இறக்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அந்த மனுஷன் இங்க இல்ல. இருநூறு பேர் முன்னாடி அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டா, அவர் பக்கத்தைச் சொல்ல யார் இருக்கா?"

பயிற்சியாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பதினோரு வருஷமா எட்டிப் பாக்காத ஆளுக்கா வக்காலத்து வாங்கறீங்க?"

"அம்மா! நீ இங்க என்ன பண்றே?"

ரேடியோ மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"நீ என்ன சொன்னாலும் நான் சொல்லத்தான் போறேன்மா. அப்பா வேலையா வெளியூர்ல இருக்கார்னு ஸ்கூல்ல பொய் சொல்லிச் சொல்லி நாக்கே தேஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒருநாளாவது உண்மையைச் சொல்லிக்கறேன்."

பயிற்சியாளர் முன்வரிசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா. ஒரு தடவை முழுசாக் கேளுங்க. அப்புறமும் வேண்டாம்னா, அவகிட்டயே சொல்லுங்க."

அம்மா உட்கார்ந்தாள். மகள் எதிரே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்போ எனக்கு ஆறு வயசு. அன்னைக்குக் காலையில அப்பாதான் எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டார். முயல் காது மாதிரி ரெண்டு வளையம். ஒரு காது பெருசாயிடுச்சுன்னு அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அப்புறம் வேலைக்குப் போயிட்டார். அன்னைக்குத்தான் நாங்க இந்த ஊருக்குக் குடி வந்தோம். அம்மாவும் நானும் முன்னாடி பஸ்ல வந்துட்டோம். அப்பா வேலையை முடிச்சுட்டு, சாமானையெல்லாம் ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வந்துடுவார்னு அம்மா சொன்னாங்க. நான் ஜன்னல்கிட்ட உக்காந்துக்கிட்டேன். தெருவுல லாரிச் சத்தம் கேட்டா, அப்பா வந்துட்டார்னு கத்துவேன். ஒரு வாரம் கத்தினேன். அப்புறம் கத்தறதை விட்டுட்டேன்."

அவள் குரல் உடையவில்லை. மூன்று மாதப் பழக்கம்.

"இன்னைக்கு எனக்கு லேஸ் கட்டத் தெரியும். யாருக்காகவும் ஜன்னல்ல காத்திருக்கறதில்ல. ஆறு வயசுக் குழந்தையை ஏமாத்தின மனுஷனை அப்பான்னு கூப்பிட மாட்டேன்."

பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கதையைக் கேட்ட பிறகு எந்தத் தாய்க்குத் தடுக்க மனம் வரும்?

கண்டக்டர் அம்மா மெல்ல எழுந்தாள்.

"பேரை அடிக்க வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள் பயிற்சியாளரிடம். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ மேடையேறி எல்லாத்தையும் சொல்லு. ஆனா அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்து."

"ஏன்? அதுல என்ன தப்பு? அது உண்மைதானே?"

"இல்லடி." அந்தப் பெரிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "நாம கிளம்பினதுக்கு முதல் நாள் எனக்கும் உங்கப்பாவுக்கும் ஒரு வாய்ச்சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. எனக்கு வீம்பு. அப்பா வருவார்னு உன்கிட்டதான் சொன்னேன். நாம போறோம்னோ, எந்த ஊருக்குன்னோ அவர்கிட்ட நான் சொல்லவே இல்ல."