நூறு போடுங்க மேடம்

"படிக்கட்டு?"

"நூறு போடுங்க மேடம்!" காண்ட்ராக்டர் ஒரு படியில் ஏறி, கனத்த உடம்போடு இரண்டு தடவை குதித்தும் காட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் நூறு போட்டாள்.

கட்டட வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று அளந்து சொல்ல வந்தவள் அவள். அவளுடைய முறை அதுதான். வேலை முடிந்துவிட்டது என்று யார் சொல்கிறாரோ, அவரே அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். கதவென்றால் பூட்டித் திறக்க வேண்டும், குழாயென்றால் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பங்கு என்று வைத்துக் கூட்டினால், மொத்தக் கட்டடம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று வந்துவிடும்.

கட்டட முதலாளியும் கூடவே வந்தார். "இன்னைக்குத் தொண்ணூறைத் தொட்டுட்டீங்கன்னா அடுத்த கட்டடமும் உங்களுக்குத்தான். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். காண்ட்ராக்டரின் நாக்கில் அன்று தேன் வழிந்ததற்கு அதுதான் காரணம்.

அதே நாக்குதான் பதினோரு மாதத்துக்கு முன்னால், இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்த பெயின்டரைக் குடிகாரன் ஆக்கியது. "ஃபுல் போதை சார். கட்டடத்து மேல ஒரு குத்தமும் இல்லை" என்று விசாரிக்க வந்தவர்களிடம் கூசாமல் சொன்னது. ஆயுசில் ஒரு சொட்டு தொட்டறியாத மனுஷன், இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்ப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெயின்டரின் மகள்தான் அவள். ஒரு தடவையாவது வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் காண்ட்ராக்டருக்கு அவளை அடையாளம் தெரிந்திருக்கும். அவர் எட்டிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

காலையில் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "அறுபது போடுடி. அதுக்கு மேல ஒண்ணு போடாதே. அந்தப் பாவி தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போகணும்."

"அளவுல கை வைக்க மாட்டேம்மா."

"அப்புறம் எதுக்குடி இந்த வேலையைக் கேட்டு வாங்கினே?"

உள்ளே கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என் பேர்ல இருக்கிற அழுக்கு போனா போதும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்." அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டித்தான் இருந்தது. சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"சமையலறைக் குழாய்?"

"நூறு!" காண்ட்ராக்டர் திருகிய வேகத்தில் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. அவரே சிரித்துக்கொண்டார்.

"கதவு, ஜன்னல்?"

"நூறு!" படார் படாரென்று சாத்தித் திறந்தார்.

"லிஃப்ட்?"

"அது... இன்னும் வந்து சேரலை மேடம்." குரல் இறங்கியது. அவள் பூஜ்யம் போட்டாள்.

முதலாளியிடம் நெருங்கி, "தங்கமான பொண்ணு சார். முன்னாடி வந்தவன் டேப்பை வெச்சுக்கிட்டு உயிரை எடுப்பான்" என்று காண்ட்ராக்டர் கிசுகிசுத்தார். அது அவள் காதிலும் விழுந்தது. பதினோரு மாதமாக நெஞ்சில் கனன்றுகொண்டிருந்ததை அடக்கிக்கொண்டு, குனிந்து கூட்டிப் பார்த்தாள்.

"எண்பத்தொன்பது."

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். காண்ட்ராக்டருக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலைமை.

"ஒண்ணு பாக்கி இருக்கு சார்" என்றாள் அவள். "பால்கனி கைப்பிடிக் கம்பி. எல்லா மாடிக்கும் சேர்த்து ரெண்டு பங்கு."

"அட, அதை மறந்துட்டேனே! நூறு, நூறு! போன வருஷமே முடிச்சாச்சு மேடம். அந்தக் குடிகாரன் விழுந்தானே, அதுக்கு முந்தியே!"

"நிச்சயமா?"

"எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

அவள் தாளை நீட்டினாள். காண்ட்ராக்டர் ஒரே இழுப்பில் கையெழுத்தைப் போட்டார். "தொண்ணூத்தொண்ணு!" என்று முதலாளி அவர் முதுகில் தட்டினார்.

"அதை இன்னும் நான் எழுதலை சார். மூணாவது மாடிக்குப் போயிட்டு வந்துடலாம்."

மூன்றாவது மாடி பால்கனிக் கம்பி புதுப் பெயின்டில் பளபளத்தது. முதலாளியைப் பால்கனி வாசற்படியிலேயே நிறுத்திவிட்டு அவள் ஓர் ஓரமாக நின்றுகொண்டாள். காண்ட்ராக்டர் சுவரை ஒட்டியே நின்றார்.

"பாத்தீங்கள்ல மேடம்? கல்லு மாதிரி நிக்குது."

"பார்த்தா போதாதே சார். முதுகைக் கொடுத்து ஒரு நிமிஷம் சாஞ்சு காட்டுங்க."

காண்ட்ராக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "வேற மாடியில காட்டறேனே மேடம்..."

"இந்த மாடியிலதான் காட்டணும்."

"சாயுங்களேன்யா, ஒரு நிமிஷ வேலை!" என்றார் முதலாளி.

காண்ட்ராக்டரின் கால் ஓர் அங்குலம் நகரவில்லை. முதலாளி கம்பியைப் பார்த்தார், காண்ட்ராக்டரின் காலைப் பார்த்தார், அப்புறம் கம்பி தரையில் பதிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பெயின்டுக்குக் கீழே சிமென்டே இல்லை. அவர் முகம் கறுத்தது.

"எனக்கு... எனக்கு என்னவோ தலை சுத்துது மேடம்" என்றார் காண்ட்ராக்டர், சுவரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"நீங்கதான் குடிக்கலையே சார், சாயுங்க."