சாயமில்லாத முப்பது காய்

காட்டை வெட்டி ஏலக்காய்த் தோட்டமாக்கியதில் வகைவகையாக இருந்த தேனீக்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. இப்போது பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவது ஒச்சம்மாளும் ராக்கம்மாளும். யார் வேலை என்று தெரிய, தடவிய பூவின் காம்பில் ஒச்சம்மாள் சிவப்புச் சாயம் வைப்பாள், ராக்கம்மாள் நீலம்.

ஒருநாள் ஒச்சம்மாளின் வரிசையில் சாயமே இல்லாமல் முப்பது காய் பிடித்திருந்தது.

"எவளக் கூட்டியாந்து வேல பாக்குற?" என்றார் சூப்பர்வைசர். "சாயங்காலத்துக்குள்ள ஆளு தெரியணும். இல்லேன்னா ரெண்டு பேரும் மலையெறங்குங்க."

அவர் தலை மறைந்ததும் ஒச்சம்மாள் ராக்கம்மாளின் கொண்டையைப் பிடித்தாள். "நீதானடி கை வச்ச?"

"ஒன் வரிசைய எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். விடுடி, வெளங்காதவளே!"

இழுத்த இழுப்பில் இருவரும் தோட்டத்து ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒற்றைக் காட்டுமரத்தில் போய் மோதினார்கள். மரப்பொந்திலிருந்து ஒரு தேனீ வந்தது. ஒச்சம்மாளின் வரிசைக்குப் பறந்து, ஒரு பூவுக்குள் புகுந்து, அடுத்த பூவுக்குப் போனது. சாயம் எதுவும் வைக்கவில்லை.

ஒச்சம்மாள் கொண்டையை விட்டாள். "உள்ள எத்தன இருக்கும்?"

"ஒரு கூடு பத்தாதா, நம்மள வீட்டுக்கு அனுப்ப?"

ராக்கம்மாள் ஈரமண்ணை அள்ளிக் கொடுத்தாள், ஒச்சம்மாள் பொந்தை அடைத்தாள். வெளியே போயிருந்த தேனீ திரும்பி வந்து மண்ணைச் சுற்றியது. ராக்கம்மாள் அதைச் செருப்பால் அடித்தாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் கேட்டார். "ஆளு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்," என்றாள் ஒச்சம்மாள். "வெளியாளுதான். இனிமே வரமாட்டா."