மீசை போன சேதி

“சார், மேம்பாலத்துல வேன் கவிழ்ந்து ஒரு உயிர் போயிருக்கு! எல்லா சேனல்லயும் எழுத்து ஓடுது. நாம மட்டும் இன்னும் மீசையைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கோம்!”

உதவி ஆசிரியை போட்ட சத்தத்தில் நியூஸ் ரூமே திரும்பிப் பார்த்தது. செய்தி ஆசிரியர் மட்டும் திரும்பவில்லை.

“மீசையே ஓடட்டும்” என்றார்.

விஷயம் இதுதான். பெரிய நடிகர் ஒருவர் காலையில் மீசை இல்லாமல் விமானத்திலிருந்து இறங்கிவிட்டார். அவ்வளவுதான், நாட்டில் குடி முழுகிப்போய்விட்டது.

படம் பிடித்தது ‘ஜூம்’. கேமராமேனுக்கு ஆபீசில் வைத்த பெயர். மற்ற சேனல்காரர்கள் வாசலில் காத்துக் கிடக்க, இவன் பின்பக்கமாகப் புகுந்து, நடிகரின் மொழுமொழு முகத்தை நெருக்கத்தில் பிடித்து அனுப்பிவிட்டான்.

அந்தத் துண்டுக் காட்சியைத்தான் காலையிலிருந்து போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். விவாதத்துக்கு ஒரு மனநல மருத்துவர், ஒரு சலூன்காரர், கண்ணீரும் கம்பலையுமாக ரசிகர் மன்றத் தலைவர்.

“மீசையை அவரே எடுத்தாரா? அல்லது எடுக்க வைக்கப்பட்டாரா?” தொகுப்பாளர் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“திரைக்கு அடியில ஓடுற பட்டையிலயாவது விபத்தைப் போடலாமே சார்?” என்றாள் உதவி ஆசிரியை.

“ஒரு எழுத்து ஓடக் கூடாது. ஓடிச்சு, உன் சீட்டு கிழிஞ்சிடும்.”

ஆசிரியருடைய செல்போன் அடித்தது. மனைவி.

“இன்னும் போய்ச் சேரலையா? சீக்கிரம் போ. போனதும் டிவி ஓடுதான்னு பாரு. நம்ம சேனல்தானான்னு பாத்துச் சொல்லு.”

உதவி ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே மனுஷன் செத்துக் கிடக்கிறான், இவருக்கு யார் வீட்டில் எந்த சேனல் ஓடுகிறது என்ற கவலை! தூ!

“ஜூமையாவது அங்க அனுப்புங்க சார். ஏர்போர்ட்லேருந்து அந்த வழியாத்தானே வரணும்?”

“அவன் அங்கதான் இருக்கான்.”

“இருந்துமா போட மாட்டேங்கறீங்க? நீங்கள்லாம் மனுஷனா சார்?”

ஆசிரியர் நகத்தைக் கடித்தபடி திரையில் தெரிந்த மொழுமொழு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி போன். இந்த முறை அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். மறுமுனையில் யாரோ ஒரு பெண் அலறுவது பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டது.

“நீ அவங்களை விட்டு நகராதே” என்று சொல்லி போனை வைத்தார். “மீசையை நிறுத்தும்மா. விபத்தைப் போடு.”

“இப்ப மட்டும் எப்படி சார் மனசு வந்துச்சு?”

“போனது நம்ம ஜூம்தான்மா. போலீஸ்காரங்க எனக்குத்தான் முதல்ல சொன்னாங்க.”

“ஐயோ!” அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவங்கம்மா வீட்டுல தனியா இருக்காங்க. பையன் எடுத்தது வரும்னு பொழுதன்னைக்கும் நம்ம சேனல்தான். விபத்துன்னு பார்த்ததும் அவனுக்குத்தான் போன் போடுவாங்க. எடுக்க அவன் இல்லையே. அதான் என் வீட்டுக்காரியை ஓடச் சொன்னேன். அவ போய்ச் சேர்ற வரைக்கும் அந்தம்மா வேற சேனலுக்குப் போயிடக் கூடாதேன்னுதான் மீசையையே ஓட விட்டேன்.”

அவர் திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

“என் வீட்டுக்காரி உள்ள நுழைஞ்சதும் அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பாச் சொன்னாங்களாம்: ‘வாம்மா, உக்காரு. காலையிலேருந்து என் புள்ள எடுத்ததையேதான் போட்டுட்டு இருக்காங்க, பாரேன்!’”