மாடி வீட்டு ரயில்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்று தெரிந்தேதான் அவள் மாடிப்படி ஏறினாள்.

கறாராகச் சொன்னால் மேல்வீட்டுப் பல் டாக்டர் மனசு நோகும். தன்மையாகச் சொன்னால், 'வாயில என்ன கொழுக்கட்டையா?' என்று புருஷன் குதிப்பான்.

அவன் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "அந்தக் கிழவனோட பொம்மை ரயில் இன்னியோட ஊதக்கூடாது. பேசி முடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல கீழ வர்றே. இல்ல, நடக்கிறதே வேற."

நடக்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். முழுக்கைச் சட்டைக்குள் நேற்று நடந்ததே இன்னும் விண்விண் என்று தெறித்தது.

டாக்டரின் மனைவி கதவைத் திறந்தாள்.

"உள்ள வாம்மா. ஏன் மூச்சு வாங்குது?"

"உக்கார நேரமில்லக்கா. வந்து... இந்த ரயில் சத்தம்..."

மேசைக்குப் பின்னாலிருந்து டாக்டர் தலையைத் தூக்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம். "எந்தச் சத்தம்? குப்குப்புன்னு வர்றதா, ஊதலா?"

"எல்லாமேதான் டாக்டர்."

"நியாயம்! எனக்கும் அது பிடிக்காது."

சண்டைக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவள் விழித்தாள்.

"முப்பது வருஷம் பல்லைத் துளைக்கிற மிஷினோட குடித்தனம் பண்ணினவன்மா நான். உள்ளங்கை அகல எஞ்சினுக்கு ஊரைக் கூட்டுற ஊதல் எதுக்கு? சக்கரம் தண்டவாளத்து இணைப்புல ஏறி இறங்குறப்ப டக்டக்குன்னு ஒண்ணு கேக்கும். அது நிஜச் சத்தம். அது போதும்."

"நீங்க ஒருத்தர்தான் அப்படிச் சொல்லணும்," என்றாள் மனைவி. "ஊதினாத்தான் அது ரயில். இல்லேன்னா எலி ஓடுற மாதிரி இருக்கு. வர்ற பிள்ளைங்க ஊதலுக்குத்தானே கை தட்டுதுங்க?"

"முதல் தடவை தட்டும். பத்தாவது தடவை காதைப் பொத்தும். நீயே நேத்து தலைவலி மாத்திரை போட்டியா இல்லையா?"

"அது உங்களோட பேசினதால வந்த தலைவலி."

வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இப்போது கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. மூன்று நிமிஷம் போய்விட்டது.

"உங்களுக்கே பிடிக்கலேன்னா நிறுத்திடுங்களேன் டாக்டர். தினமும் ரயில் ஓட்டுறப்பல்லாம்..."

டாக்டரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவள் மேசையைச் சரியாகப் பார்த்தாள். தண்டவாளமெல்லாம் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தது. எஞ்சின் ஒரு பஞ்சு மெத்தையில் நாலு சக்கரமும் மேலே தெரிய மல்லாந்து கிடந்தது.

"இதை எப்பக் கழட்டினீங்க?"

"ஒரு மாசம் இருக்கும். வயரிங் மாத்தணும்."

"ரயிலே ஓடலையா? அப்ப நேத்து ஊதினது?"

எஞ்சினின் வயிற்றிலிருந்து ஒரு வயர் கிளம்பி, மேசைக்கு அடியில் போனது. அங்கே ஒரு பெரிய ஸ்பீக்கர். வாயைத் தரையோடு தரையாக வைத்துக் கவிழ்த்திருந்தார்கள்.

அவள் வீட்டுக் கூடத்துக்கு நேர் மேலே.

"ஏய்! செத்துட்டியா மேல? நான் வரட்டுமா?" கீழேயிருந்து குரல் வந்தது. கதவு படீரென்று திறந்தது. படியில் செருப்புச் சத்தம்.

அவளுக்கு உடம்பு தானாகக் கூனியது. கை தானாக முகத்துக்கு வந்தது.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினார்.

மல்லாந்து கிடந்த எஞ்சின் ஊதியது. தரை அதிர்ந்தது.

செருப்புச் சத்தம் நின்றது. திரும்பி ஓடியது. அடுத்த நிமிஷம் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் சத்தம். "யோவ் கிழவா! நிறுத்துய்யா! உன் ரயிலை அடுப்புல வைக்க!"

டாக்டரின் மனைவி மெதுவாகச் சொன்னாள். "அவன் கை ஓங்கினா நீ கத்துறது இங்க கேக்கும். உடனே இவர் ஊதுவார். அவன் உன்னை விட்டுட்டு எங்களைத் திட்ட ஆரம்பிச்சிடுவான். அன்னிக்கு நான் கேட்டப்ப, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டே. அதுக்கு மேல எங்களுக்கு வேற வழி தெரியலம்மா."

அவள் போய் வாசல் கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள்.

"அக்கா, உங்க போனைக் குடுங்க. உள் ரூம்ல இருந்து போலீஸுக்குப் பேசணும்," என்றவள் டாக்டரிடம் திரும்பினாள். "அவங்க வந்து சேர்ற வரைக்கும் விடாம ஊதுங்க டாக்டர்."