எங்களாலும் படிக்க முடியாது

மறுபடியும் ஒரு பழைய போன்.

தன் ரகசியச் சேதித் தளத்துக்கு வந்த புகாரைப் பார்த்ததும் அவன் உதட்டைப் பிதுக்கினான்.

திருப்பூரிலிருந்து சுகந்தி என்று ஒரு பெண். தங்கை உங்கள் தளத்தில் எழுதி அனுப்பிய சேதி திறக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள் சார் என்று லிங்க்கையும் ஒட்டியிருந்தாள். தன்னுடையது வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம், தங்கை மட்டும்தான் பேசுவாள், அவள் போனையும் அண்ணன் பிடுங்கிப் பார்ப்பான், அதனால்தான் இந்தத் தளம் என்று கேட்காத கதையும் கூடவே.

அவள் போனில் வந்தது அவன் எழுதிய வாசகம்தான்.

உங்கள் பிரவுசர் பழையது. நவீன பிரவுசருடன் வரவும்.

வேட்டி கட்டியவரை வாசலிலேயே மடக்குகிற கிளப் காவலாளியின் மரியாதை அதில் இருந்தது.

பழைய போனுக்கும் ஒரு வழி வைக்கலாமே என்று பக்கத்து சீட் தில்ஷாத் அவன் அதை எழுதியபோதே கேட்டாள். பாதுகாப்பில் சமரசம் இல்லை என்று ஆரம்பித்தவன் அவள் டீ ஆறும்வரை நிறுத்தவில்லை. பிறகு அதையே கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு மாநாட்டில் பேசினான். கைதட்டினார்கள். ஏசி அரங்கில் எதற்கும் தட்டுவார்கள்.

லிங்க்கை அமுக்கினான்.

ஒருமுறை படித்ததும் அழிந்துவிடும், திறக்கலாமா என்று கேட்டது தளம்.

அதுவும் அவன் எழுதியதுதான். தான் எழுதியதை எவன் படிக்கிறான்?

ஆம் என்று தட்டினான்.

அவனுடைய புது லேப்டாப்பில் வெண்ணெய் மாதிரி திறந்தது.

"எனக்கு ஓப்பன் ஆகுதே" என்றான், ஆபீஸுக்கே கேட்கும்படி.

அப்புறம்தான் படித்தான்.

அக்கா, அம்மாவுக்கு நெஞ்சுவலின்னு போன் வரும். நம்பாத. அம்மா நல்லாத்தான் இருக்கு. வராத. மாமாவையும் வர விடாத. அண்ணன் ஆள் சொல்லி வச்சிருக்கான்.

கீழே குட்டியாக ஒரு தீ. அதை வரைந்த பெண்ணிடம் அவன் சுவாலை இன்னும் நளினமாக வேண்டும் என்று ஒரு வாரம் இழுத்தடித்திருந்தான்.

சேதி அழிக்கப்பட்டது. வேறு பிரதி இல்லை.

முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தான். இல்லை. சர்வரில் தேடினான். இல்லை. அவன் சொன்னபடியே எல்லாம் வேலை செய்தது.

அப்ப அந்தப் பொண்ணுக்கு ஏன் ஆகலையாம் என்று தில்ஷாத் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

பழைய போன் என்றான்.

சொல்லிவிடலாம். சொன்னால், படித்தான் என்றாகும். படிக்கவே முடியாது என்பதுதான் அவன் கடையில் இருக்கிற ஒரே சரக்கு. சுகந்தி அந்தப் பதிலைப் படம் பிடித்து எங்காவது போடுவாள். மாநாட்டில் கை தட்டியவர்களே பகிர்வார்கள்.

தங்கை மறுபடி அனுப்பாமலா இருப்பாள்.

எங்கள் பக்கம் சரியாக இயங்குகிறது, பிரவுசரைப் புதுப்பிக்கவும் என்று அனுப்பினான்.

காபி வாங்கிவந்து உட்கார்ந்தபோது பதில் வந்திருந்தது.

பரவால்ல சார். ரொம்ப நன்றி. அம்மாவுக்கு நெஞ்சுவலின்னு இப்பதான் வீட்லேர்ந்து போன் வந்துச்சு. நானும் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். தங்கச்சிகிட்ட நேர்லயே கேட்டுக்கிறேன்.

மெயிலின் அடியில் அவள் நம்பரும் இருந்தது.

பதில் பெட்டியைத் திறந்தான். காலியாக இருந்தது. அடியில் மட்டும், ஒவ்வொரு கடிதத்திலும் தானாக வந்து உட்காரும் அந்த வரி.

உங்கள் ரகசியத்தை எங்களாலும் படிக்க முடியாது.

அதை அழித்துவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

நல்ல வரி என்று அவனுக்கு இன்னொரு முறை பட்டது.