குண்டுக்கு முந்தைய கையெழுத்து

வீட்டின் மேல் குண்டு விழுவதற்கு முன்பே, அதற்குப் பதிலாகக் கட்டப்போகும் புது வீட்டின் வரைபடத்தில் குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற சட்டம் வந்த அன்றுதான் மனித குலம் நாகரிகம் அடைந்தது. கட்டடக் கலைஞர் திருமாறன் இதைப் போகிற வீட்டிலெல்லாம் சொல்வான்.

“எனக்கு இதே வீடுதான் வேணும் தம்பி, இந்தக் கோணல் சமையக்கட்டோட,” என்றார், அன்று கையெழுத்துப் போட வேண்டிய ரெஜினா டீச்சர்.

“புதுசா மாடியே கட்டித் தர்றோம். நீங்க கோணலைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, டீச்சர்,” என்று சிரித்தான்.

குண்டு விழும் தெருக்களின் அடுத்த வாரப் பட்டியலில் அவன் தெருவும் இருந்தது. தானே வரைந்த வரைபடத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தான், மூடினான். அளவுநாடாவோடு கூடத்துக்குப் போய், மகள் சுவரில் கிறுக்கியிருந்த யானையைத் தும்பிக்கையிலிருந்து அளக்கத் தொடங்கினான்.

“என்னங்க பண்றீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. நீ வால் பக்கம் பிடி.”