யாருக்க மதிலு?

"ஏட்டி, அதத் தொடாத! தொட்டா நம்ம மதிலுன்னு ஆயிரும்!"

ஆறுமுகப்பெருமாள் போட்ட சத்தத்தில் அவர் மனைவி பார்வதியம்மாள், பெயின்டை அழிக்கும் தின்னர் பாட்டிலும் பழந்துணியுமாக அப்படியே நின்றாள்.

மதிலில் சிவப்பு ஸ்பிரே பெயின்டில் ஆளுயரத்துக்கு ஒரே ஒரு சொல்: கள்ளன். ராத்திரி எவனோ காலிப் பயல் ரசித்து எழுதியிருக்கிறான். ளகரத்தின் கால் தரை வரை நீண்டு, சாரைப்பாம்பு வால் போலச் சுருண்டு கிடந்தது.

"பூதப்பாண்டிலேருந்து மாப்பிள வீட்டுக்காரங்க வாற நேரம். நம்ம மக தன்யாவுக்க வாழ்க்க இது. நான் துடைச்சிருகேங்க."

"நாம துடைச்சா கள்ளன் நான்தான்னு ஆகும். அவனுக்க மதிலு, அவனே துடைக்கட்டும்!"

'அவன்' என்பது பக்கத்து வீட்டில் இருக்கும் உடன்பிறந்த தம்பி நாராயணபெருமாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற இந்த மதில் எனக்குத்தான் என்று அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமாக நாகர்கோவில் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். அதற்குள் இரண்டு வக்கீல்களும் மாடி எடுத்துவிட்டார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"லேய், உனக்க மதில வந்து துடை!"

"உங்க மதிலுல நான் கை வச்சா இன்னொரு கேஸ் போடுவீங்கண்ணே. எனக்கு எதுக்கு வம்பு?"

எதிர் வீட்டு ஞானையன் கேட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நேத்து வரைக்கும் எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிட்டியளே! இன்னிக்கு ஒருத்தருக்கும் வேண்டாமாக்கும்?"

அதற்குள் கார் வந்து நின்றது. முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமன், வீட்டைப் பார்க்கவில்லை, மதிலைத்தான் வாசித்தார்.

"இது யாருக்க மதிலு?"

"தம்பிக்குள்ளது" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

"அண்ணன் இப்படித்தான் சொல்லுவாரு. கோர்ட்டுல கேட்டா மாத்திச் சொல்லுவாரு" என்றான் தம்பி, வாய் கொப்பளித்துவிட்டு.

தாய்மாமனின் முகம் சுருங்கியது. காரில் இருந்த பெண்கள் இறங்கவில்லை.

ஆறுமுகப்பெருமாள் சுசீந்திரம் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கையை உயர்த்தினார். "தாணுமாலய சாமி சத்தியமாச் சொல்லுகேன். இந்த மதிலுல ஒரு கல்லுகூட எனக்குள்ளது கெடையாது!"

தாய்மாமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்தச் சாமியச் சொன்ன பொறவு பேச்சென்ன? சொன்ன வாக்க மாத்துகவன் வீட்டுல நாங்க பொண்ணும் எடுக்க மாட்டோம், தண்ணியும் குடிக்க மாட்டோம்."

கார்க் கதவு திறந்தது. பெண்கள் இறங்கினார்கள். ஆறுமுகப்பெருமாளுக்கு உயிர் வந்தது. இருந்தாலும் தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க மறக்கவில்லை.

தம்பி தலை குனிந்தான். "அண்ணன் சாமிமேல சொல்லியாச்சு. இவ்வளவு பேரு சாட்சி வேற. ஒத்துக்கிட வேண்டியதுதான். மைனி, அந்தத் தின்னரத் தாங்க" என்று அண்ணன் மனைவியிடம் கையை நீட்டினான்.

உள்ளே காப்பியும் முந்திரிக்கொத்தும் ஆகி, கல்யாணம் பேசி முடித்து, சம்பந்திகளை வழியனுப்ப ஆறுமுகப்பெருமாள் வெளியே வந்தபோது மதில் வெள்ளை வெளேரென்று இருந்தது.

தம்பி தன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஸ்பிரே பெயின்ட் டின்னைக் குலுக்கிக்கொண்டே வந்தான். சம்பந்திகளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, மதிலில் தன் பெயரை ஆளுயரத்துக்கு எழுதினான்: நாராயணபெருமாள்.

கடைசி ளகரத்தின் கால் தரை வரை நீண்டு, சாரைப்பாம்பு வால் போலச் சுருண்டது.